ஆவணத்துள் அடங்கிய அம்பா

வரலாற்று மாணவர்க்கு ஆவணம் என்றதும் கல்வெட்டும் செப்பேடும், ஓலைச்சுவடியும் ஒல்லாந்தர் காலத் தோம்பும் நினைவுக்கு வருவது இயல்பே. சொற்செயலியில் தட்டச்சுச் செய்யப்பெற்ற கணினிக் கோப்பொன்றை எவரும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட கோப்பொன்றைத் திறக்க முனைந்த ஒருவர், பழஞ்சுவடி படிப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் அத்தனையையும் அங்கும் எதிர்கொள்வர். எழுத்துச் சிதைந்திருக்கும், உள்ளே கிடப்பது வெளியே தெரியாது, எழுதியவர் கையாண்ட கருவி வழக்கொழிந்து போயிருக்கும். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் அத்தகைய ஆவணமொன்று எம் கைக்கு வந்த கதையையும், அதனுள் அடங்கியிருந்த ஒலியைக் கட்டற்ற மென்பொருள் கொண்டு வெளிக்கொணர்ந்த வகையையும், அதற்கு இடந்தந்த வரலாற்றையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றினுள் ஒன்று பொதிந்து கிடப்பதென்பது திருகோணமலைக்குப் புதிதன்று. பிரெடறிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்குச் செல்வோர், வாயிற் கற்களிலே பொறிக்கப்பட்டுள்ள கயல் உருவத்தையும் தமிழ் எழுத்துகளையும் காணலாம். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர் என்பது யாவரும் அறிந்த செய்தி. கட்டியவர்க்கு அவை வெறுங் கற்கள். பின்வந்த ஆய்வாளர்க்கோ சுவரே சான்றாயிற்று. எமக்குக் கிடைத்த கோப்பும் ஏறத்தாழ அந்நிலையிலேயே இருந்தது.

எமது பட்டப்படிப்பிற்குரிய ஆய்வேட்டிற்காகத் துறைமுகத்தை அண்டிய மீனவர் வாழ்வு பற்றித் தகவல் திரட்டியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இறுவட்டொன்றைத் தந்தார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதைகள் திறந்தபின், கரையோரக் கிராமங்களுக்குச் சென்று கரைவலை இழுப்போரிடம் அவர் அம்பாப் பாடல்களை ஒலிநாடாவிற் பதிவு செய்திருந்தார். 2003 இல் அவற்றுள் ஏழு பாடல்களைத் தெரிந்து, பாட்டின் வரிகளைத் தட்டச்சுச் செய்து, ஒவ்வொரு பாட்டின் அருகிலும் அதன் ஒலியையும் சேர்த்து, இருபது பக்க ஆவணமொன்றை 'வேர்ட்' செயலியில் ஆக்கினார். மூல ஒலிநாடாக்கள் நிலாவெளிக் கரையோரத்தில் இருந்த அவரது வீட்டில் இருந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் அவற்றைக் கொண்டுபோயிற்று. நகரிலே நண்பர் வீட்டில் இருந்த இறுவட்டு மட்டும் எஞ்சியது.

அம்பா பற்றி ஈண்டு ஒரு சொல் கூறவேண்டும். கரையில் இரு மருங்கும் நின்று வலைக்கயிற்றை இழுப்போர், உழைப்பை ஒருமுகப்படுத்துவதற்காகப் பாடுவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் பின்பாடுவர். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் நடையும் விரைவுபெறும். இவ்விரைவு அச்சிட்ட வரிகளிலே தோன்றாது. எனவே ஒலியின்றி வரிகளை மட்டும் வைத்து அம்பாவை ஆராய்வது, கூத்தின் ஏட்டை மட்டும் வைத்து ஆட்டத்தை விளக்குவதற்கு ஒப்பாகும்.

கோப்பைத் திறந்தபோது முதலிற் கண்டது தமிழன்று. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் ஒழுங்கின்றிக் கலந்து கிடந்தன. ஈழத்தில் அக்காலத்தே பெருவழக்கிலிருந்த 'பாமினி' எழுத்துருவில் அது ஆக்கப்பட்டிருந்தமையே காரணம். ஒருங்குறியில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், எமது அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் இத்தகைய எழுத்துருக்களையே பயன்படுத்தின. எழுத்துருவை நிறுவியதும் வரிகள் தெளிந்தன. ஒலிகளோ திறக்கவில்லை. பாட்டுக்கருகில் ஒலிபெருக்கி வடிவிலான சிறு படங்கள் இருந்தன. அவற்றைச் சொடுக்கினாற் பயனொன்றுமில்லை. நகரிலுள்ள கணினி நிலையமொன்றில் காட்டியபோது, படங்களை நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் வேறு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறினர். நல்லெண்ணத்தோடு கூறப்பட்டதாயினும், அதனைக் கேட்டு நடந்திருந்தால் கடல் விட்டுவைத்ததை நாமே அழித்தவர்களாவோம்.

இவ்விடர் ஏன் நேர்ந்தது என்பதை அறிய முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். ஓர் ஆவணத்துள் வேறொரு செயலியின் ஆக்கத்தைச் சேர்க்கும் முறையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 1990 இல் ஓ.எல்.ஈ. என்னும் பெயரில் அறிமுகஞ் செய்தது. 'பொருளை இணைத்தலும் உட்பொதித்தலும்' என்பது அப்பெயரின் விரிவு. இணைத்தல், உட்பொதித்தல் என்னும் இவ்விரு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது. உட்பொதித்தால் ஒலி முழுவதும் ஆவணத்துள்ளேயே வந்துவிடும். இணைத்தால் ஒலி இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே வரும். திரையில் இரண்டும் ஒரே படமாகவே தோன்றும். சொடுக்கும்போது, ஒலியை உரிய செயலியிடம் ஒப்படைப்பதே சொற்செயலியின் வேலை. அச்செயலி கணினியில் இல்லையாயின் ஒலி உள்ளே இருந்தும் ஊமையாகும்.

கோப்பின் உள்ளமைப்பு நெடுங்காலம் உரிய நிறுவனத்தின் கைக்குள்ளேயே இருந்தது. 'வேர்ட்' செயலியின் பழைய கோப்பமைப்பு பற்றிய விபரக்குறிப்புகள் யாவரும் தடையின்றிப் பெறும் வகையில் 2008 இலேயே வெளியிடப்பட்டன. அதற்கு முன்னரே அக்கோப்புகளைத் துருவியாராய்ந்து திறக்கக் கற்றிருந்தவற்றுள் 'ஸ்டார் ஒபிஸ்' ஒன்று. ஜெர்மனியில் மார்க்கோ பெரிஸ் என்பார் பள்ளிப் பருவத்தினராய் இருந்தபோதே 1985 அளவில் தொடங்கிய நிறுவனத்தின் ஆக்கம் அது. அந்நிறுவனத்தைச் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999 இல் வாங்கி, 2000 ஒக்டோபரில் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து 'ஓப்பன் ஒபிஸ்' தோன்றியது. சண் நிறுவனம் 2010 இல் ஒறக்கிள் வசமான பின்னர், ஆக்கியோருள் பலர் பிரிந்து அதே ஆண்டு செப்டெம்பரில் 'லிப்ரே ஒபிஸ்' என்னும் கிளையைத் தொடங்கினர். இதனிடையே திறந்த ஆவண வடிவம் 2005 இல் நியமமாக ஏற்கப்பட்டு, 2006 இல் அனைத்துலக நியமமும் ஆயிற்று. தமிழுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 2005 ஏப்ரலில் சென்னையில் இந்திய அரசின் சீ-டாக் நிறுவனம் இலவசமாக வெளியிட்ட தமிழ் மென்பொருள் இறுவட்டில், தமிழாக்கப்பட்ட ஓப்பன் ஒபிஸும் இடம்பெற்றது. எமது நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகத் திட்டம் தொடங்கியதும் அதே 2005 ஆம் ஆண்டிலாகும்.

இனி எமது கோப்புக்கு வருவோம். அதனை லிப்ரே ஒபிஸில் திறந்தபோதும் ஒலிபெருக்கிப் படங்களே தோன்றின, ஒலி எழவில்லை. எனினும் ஒரு செய்தி எம்மைச் சிந்திக்க வைத்தது. இருபது பக்க எழுத்துக்குக் கோப்பின் அளவு ஏறத்தாழ 7 மெகாபைட்டு. எழுத்து மட்டும் அவ்வளவு இடங்கொள்ளாது.

பயன்பட்ட வழி இது. கோப்பைத் திறந்த ஆவண வடிவிற் சேமித்தோம். அவ்வடிவம் உண்மையில் பல சிறு கோப்புகளைக் கட்டிவைத்த 'சிப்' பொதியே. பிரதியொன்றின் பெயரீற்றை 'சிப்' என மாற்றினால், பொதி பிரிக்கும் எந்தச் செயலியும் அதனைத் திறக்கும். உள்ளே எழுத்துகள் ஒரு கோப்பிலும், படங்கள் தனியொரு உறையிலும், உட்பொதிந்த பொருள்கள் 'ஒப்ஜெக்ட்' என்னும் பெயரோடு எண்ணிட்டும் கிடந்தன. புதிய 'வேர்ட்' கோப்புகளும் இத்தகைய பொதிகளே. அவற்றில் படங்கள் 'மீடியா' என்னும் உறையிலும் பொருள்கள் 'எம்பெடிங்ஸ்' என்னும் உறையிலும் இருக்கும். பொருட்கோப்பு ஒவ்வொன்றையும் பைட்டுகளைக் காட்டும் செயலியில் திறந்து, ஆர், ஐ, எஃப், எஃப் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேடினோம். 'வேவ்' வகை ஒலிக்கோப்பின் தலைவாசல் அதுவே. அதற்கு முன்னுள்ளதை வெட்டியெறிந்து எஞ்சியதைத் தனிக் கோப்பாகச் சேமித்ததும் பாட்டுக் கேட்டது. இவையனைத்தையும் பிரதியின் மீதே செய்தோம், மூலக்கோப்பைத் தொடவில்லை.

ஐந்து பாடல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் சரியாக 60 வினாடியில் அறுந்து நின்றது. விண்டோசின் அக்கால ஒலிப்பதிவுச் செயலி ஒருமுறைக்கு 60 வினாடி மட்டுமே பதிவுசெய்யும் என்பதை நினைவுகொள்ளின் இது விளங்கும். வினாடிக்கு 22,050 பைட்டு வீதம் ஒரு நிமிடத்திற்கு 13,23,000 பைட்டுகள். நெகிழ்வட்டொன்றின் கொள்ளளவு 14,74,560 பைட்டுகள். ஒரு வட்டுக்கு ஒரு பாட்டு என்ற கணக்கில் ஆசிரியர் அவற்றைக் கொண்டுதிரிந்தார். ஆகவே நான்கு பாடல்களில் இழுவையின் மந்தமான தொடக்கம் மட்டுமே உண்டு. ஐந்தாவதைப் பதிவுசெய்யும்போது மட்டும் நாடாவை இடையிலிருந்து ஓடவிட்டிருக்கிறார். மடி கரையேறும் நேரத்து விரைவு, மூச்சு வாங்கும் ஒலி, யாரோ சிறுவனைத் தள்ளிநிற்கச் சொல்லி அதட்டுவது எல்லாம் அதிலுள்ளன.

எஞ்சிய இரண்டு பாடல்கள் உட்பொதிக்கப்படவில்லை, இணைக்கப்பட்டிருந்தன. 13 இலட்சம் பைட்டுகளை ஐந்தாற் பெருக்கினாற் கோப்பின் அளவு ஏறக்குறைய வந்துவிடுகிறது. ஏழாற் பெருக்கினால் மிஞ்சுகிறது. இதனை முன்னரே கணக்கிட்டிருக்கலாம். அவ்விணைப்புகள் சுட்டும் முகவரியை லிப்ரே ஒபிஸ் காட்டியது. 'ஏ' என்னும் எழுத்தாற் குறிக்கப்படும் நெகிழ்வட்டுச் செலுத்தி அது. அவ்வட்டுகளும் நாடாக்களோடு கடலில் போயின என்றார் ஆசிரியர்.

மீட்ட ஒலிகளை அவர் முன்னிலையில் ஒலிக்கவிட்டோம். மூன்றாம் பாட்டில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தட்டச்சில் 'வாடைக் காற்று' என்றிருந்தது. பாடியவர் குரலிலோ 'சோளகம்' எனத் தெளிவாகக் கேட்டது. இது சிறு பிழையன்று. வாடை வீசும் மாதங்களிற் கிழக்குக் கரைக் கடல் கொந்தளிப்பது. சோளகக் காலத்திலேயே அது அமைதியுறும். தட்டச்சு வரியை நம்பி, வாடைக் காலத்திலும் இங்குக் கரைவலை இழுக்கப்பட்டதென எமது ஆய்வேட்டில் ஒரு பந்தியே எழுதியிருந்தோம். அதனை நீக்கிவிட்டோம். ஆசிரியர் அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்கி அச்சொல்லை அடித்துத் திருத்தினார். பின்னர் ஏழு பாடல்களையும் புரட்டிப் பார்த்தார். ஒலி கிடைக்காத இரண்டனுள் ஒன்றிலும் 'வாடை' என்றே தட்டச்சாகியிருந்தது. அவ்விடத்திற் பேனாவை வைத்துச் சற்றுநேரம் இருந்துவிட்டு, திருத்தாமலே தாளைத் திருப்பித் தந்தார்.