தஞ்சைத் தரணியில் ஹல்லரும் ரப்பர் உருளையும்: அரிசி யந்திரங்களின் ஆயுளும் அரவைத் தரமும்

பழைய காலத்து யந்திரம் தலைமுறை கடந்தும் உழைக்கும், இக்காலத்துப் பொறியோ சில ஆண்டுகளிலேயே பழுதாகிவிடும் என்று பொதுஜனங்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் எவ்வளவு நியாயமானது என்று சோதித்துப் பார்க்க, காவிரிப் படுகையின் அரிசி ஆலைகளைவிடத் தகுந்த களம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் துணிபு.

உரலும் உலக்கையும் செய்துவந்த வேலையைத் தஞ்சைக் கிராமங்களில் ஏற்றுக்கொண்ட ஹல்லர், பிரேசில் தேசத்தில் எங்கல்பர்க் என்பவர் 1885ஆம் ஆண்டையொட்டிக் காப்பிக்கொட்டைக்கென்று அமைத்த பொறியின் வழிவந்தது. வார்ப்பிரும்புக் கூட்டினுள் வரிவரியாக மேடு வைத்த உருளை சுழல, நெல்லோடு நெல் உராய்ந்து, உமியும் தவிடும் ஒருங்கே கழன்று அடிச் சல்லடை வழியே கொட்டும். உமியில் சிலிக்கா மிகுதியாதலால் அது எந்த இரும்பையும் அரிக்கும். ஆயினும் ஹல்லரில் பெரிதும் தேய்வன உருளை, அலகு, சல்லடை என்னும் மூன்றே. அலகின் ஒரு விளிம்பு மழுங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சல்லடை கிழிந்தால் ஆலைக்காரரே ஸ்பானரைக் கொண்டு கழற்றி மாற்றிவிடலாம். எண்ணெய் எஞ்சின் போய் மின்சார மோட்டார் வந்தபோதும் பெல்ட்டை மாற்றியதன்றி அந்த யந்திரத்தில் வேறொன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதன் தீர்க்காயுளுக்கு இரும்பின் கனத்தைக் காட்டிலும் இந்த எளிமையே முதற்காரணம்.

ஆனால் இரும்பு நெடுங்காலம் நின்றதற்கு அரிசி விலை கொடுத்தது. பச்சரிசியாயின் குருணையும் நொய்யும் மிகும். வேகவைத்து உலர்த்திய புழுங்கல் நெல்லின் மணி இறுகியிருப்பதால் அவ்வளவாக ஒடியாது. புழுங்கலரிசி உண்ணும் தஞ்சையில் ஹல்லரின் குறை நெடுங்காலம் மறைந்திருந்ததற்கு இதுவே காரணமென்று கருதுகிறேன். தவிடோ உமித்தூளோடு கலந்து, எண்ணெய் எடுக்கத் தகுதியற்றதாய் மாட்டுத் தீவனத்திற்கே போயிற்று.

கைக்குத்தல் தொழிலைக் காப்பதையும் கருதி 1958இல் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளேயே சர்க்காரின் நாட்டம் நவீன ஆலைகளின்பால் திரும்பியது. திருவாரூரில் அமைந்த நவீன அரிசி ஆலையை ஒட்டி 1967இல் தொடங்கிய நெல் பதன ஆராய்ச்சி நிலையம் பின்னர் தஞ்சாவூருக்கு மாறிற்று. புதிய ஆலையில் இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராகச் சுழலும். அவற்றுள் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 25 பங்கு வேகம் கூடியது. அந்த வேக வித்தியாசத்தால் உமி உரிபடுமேயன்றி மணி நசுங்காது. வேகமான உருளை முன்னே தேய்வதால் இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றி ஓட்டுவார்கள். அப்படியும் ஓயாது ஓடும் ஆலையில் ஒரு ஜோடி சில வாரங்களுக்கு மேல் தாங்குவதரிது. கோடையின் வெப்பம் ரப்பரை இன்னும் விரைவாகக் கெடுக்கும்.

ஹல்லரில் இரும்பு நிலைக்க மணி உடைந்தது. இங்கே மணி நிலைக்கும்பொருட்டு ரப்பர் தன்னையே தேய்த்துக்கொள்கிறது. நூறு கிலோ நெல்லுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரை கூடுதலாகக் கிடைக்கும் அரிசியையும், எண்ணெய்க்கு ஏற்ற தூய தவிட்டையும் கணக்கில் சேர்க்காமல், உருளையின் ஆயுளை மட்டும் அளந்து பழையதே மேல் என்று தீர்ப்புச் சொல்வது விவசாயிக்கு இழைக்கும் அநீதியாகும். அதே சமயம், உருளை வரத்துத் தடைப்பட்டால் புதிய ஆலை நின்றுபோகும் என்பதும், ஒரு மூட்டை வீட்டு நெல்லைத் தனியே அரைத்து அந்த அரிசியையே திருப்பித் தரும் சௌகரியம் பெரிய ஆலைகளில் கிடையாது என்பதும் உண்மையாதலால், ஊருக்கொரு சிறிய ஹல்லரை இன்றும் விட்டுவைத்திருக்கும் கிராமத்தாரின் விவேகத்தைப் பழமைப் பற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.