ஏ பிளஸ் சான்றிதழும் பதினாறு வயதும்: கணினிப் பழுதுநீக்கும் பணியில் நுழைவது குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவில் கணினிப் பழுதுநீக்கும் தொழிலுக்கு வர நினைக்கும் எவருக்கும் முதலில் சொல்லப்படும் பெயர் காம்ப்டியா என்ற அமைப்பு தரும் ஏ பிளஸ் சான்றிதழ். 1993இல் தொடங்கிய இச்சான்றிதழ் எந்த ஒரு கம்பெனியின் சாதனத்தையும் சார்ந்ததல்ல. பட்டமோ முன்தகுதியோ கேட்பதில்லை. பதின்மூன்று வயது நிரம்பியவர் பெற்றோர் சம்மதத்துடன் தேர்வெழுதலாம். அதனால் பள்ளியில் படிக்கும்போதே இதை எழுதித் தேறிவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. தேர்வு கடினமா எளிதா, பாடத்திட்டம் பழசா புதுசா என்றே இதுபற்றிய விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. அதைவிட அடிப்படையான கேள்வி வேறு. இச்சான்றிதழை மதிக்கும் இடங்கள் எவை? பதினாறு வயதுப் பிள்ளையை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் எவை? இவ்விரு வகை இடங்களும் மிகக் குறைவாகவே ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாடத்திட்டத்தைப் பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அது உண்மையான கல்வி. தேர்வு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 2022 பதிப்பின் முதல் தாளில் பழுதுகளைக் கண்டறிவதற்கு 29 சதவீதமும், ஹார்டுவேருக்கு 25 சதவீதமும், நெட்வொர்க்கிங்குக்கு 20 சதவீதமும் ஒதுக்கப்பட்டன. இரண்டாம் தாளில் இயங்குதளங்களுக்கு 31, பாதுகாப்புக்கு 25. லேசர் பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். அச்சான தாளை விரலால் தேய்த்ததும் எழுத்து கலைந்து கையில் கரி ஒட்டினால், டோனர் தூளை உருக்கித் தாளில் படியவைக்கும் ஃபியூசர் போதுமான அளவு சூடாகவில்லை என்று பொருள். இதை அறிந்த பிள்ளை, ஃபியூசர் கெட்டதற்குப் புது கார்ட்ரிட்ஜ் வாங்கச் சொல்லி வாடிக்கையாளரின் காசைக் கரியாக்காது. பழுதை அடையாளம் காண்பது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, முழுதும் இயங்குகிறதா என்று பார்ப்பது, செய்ததை எழுதிவைப்பது என்ற ஆறு படிகளையும் தேர்வு வற்புறுத்துகிறது. அனுபவமுள்ள மெக்கானிக்குகளிலேயே பலர் கடைசிப் படியைச் செய்வதில்லை.

ஆனால் கற்றதனால் கிடைக்கும் பயன் வேறு. கற்றதற்கான தாள் வேலைச் சந்தையில் பெறும் மதிப்பு வேறு. கேரி பெக்கர் 1964இல் விரித்துரைத்த மனித மூலதனக் கோட்பாடு முன்னதைப் பேசுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த சமிக்ஞைக் கோட்பாடு பின்னதைப் பேசுகிறது. வேலைக்கு வருபவரின் திறமை வேலை தருபவருக்கு முன்கூட்டித் தெரியாது; ஆகவே திறமையுள்ளவர் எளிதாகவும் திறமையற்றவர் பெரும்பாடுபட்டும் பெறக்கூடிய ஏதோ ஓர் அடையாளத்தை அவர் நம்பவேண்டியிருக்கிறது என்றார் ஸ்பென்ஸ். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஜோசப் ஆல்டோன்ஜியும் சார்ல்ஸ் பியரெட்டும் 2001இல் காட்டியதுபோல, தொழிலாளியின் வேலையைக் கண்ணால் பார்க்கப் பார்க்க, முதலாளி அவரது படிப்புச் சான்றுக்குத் தரும் எடை குறைந்துகொண்டே போகிறது. அப்படியானால் திறமையை உடனே பார்த்துவிட முடிகிற இடத்தில் தாளுக்கு வேலை குறைவு. பார்க்க வழியில்லாத இடத்தில்தான் அது பேசும்.

பார்க்க வழியில்லாத இடங்கள் எவை? நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைக் கணினியே வடிகட்டும் பெரிய நிறுவனங்கள், அவற்றுக்கு ஹெல்ப் டெஸ்க் ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள், அரசுத் துறைகள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2005 டிசம்பரில் அத்துறை வெளியிட்ட 8570.01-எம் கையேடு, தொழில்நுட்பப் பணியின் முதல் நிலைக்கு ஏற்கத்தக்க சான்றிதழ்களில் ஒன்றாக ஏ பிளஸ்ஸைச் சேர்த்தது. அதன்கீழ் வந்த பணியிடத்துக்கு அது அலங்காரமாக அல்ல, அனுமதிச் சீட்டாக இருந்தது. ஆனால் அந்த வாசலில் பதினாறு வயதுப் பிள்ளை நிற்கவே முடியாது. பாதுகாப்புச் சோதனை, உயர்நிலைப் பள்ளிச் சான்று, பகல் முழுவதும் வேலை என்று தடைகள் வரிசையாக நிற்கின்றன. தனியார் ஹெல்ப் டெஸ்க்கிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அங்கே ஆள் தேவைப்படும் நேரம் அலுவலக நேரம். அதே நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்கிறது.

சட்டமும் தன் பங்குக்குக் கதவை அடைக்கிறது. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டப்படி 14, 15 வயதினர் பள்ளி நாளில் 3 மணி நேரமும் பள்ளி வாரத்தில் 18 மணி நேரமும் மட்டுமே வேலை செய்யலாம். 16 வயதானால் மத்திய சட்டத்தின் நேர வரம்பு நீங்குகிறது. மாநிலச் சட்டங்கள் தொடரலாம். பலர் கவனிக்காத இன்னொரு விதி உண்டு: 16 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர் வேலையின் பொருட்டுப் பொதுச்சாலையில் வண்டி ஓட்டக்கூடாது, 17 வயதினர் கடும் வரம்புக்குள் ஓட்டலாம். வாடிக்கையாளரின் இடத்துக்கே போய் சர்வீஸ் செய்யும் வேலை முழுக்க வண்டியை நம்பியது. சொந்த லைசென்ஸ் இருந்தும், ஏ பிளஸ் இருந்தும், அந்த வேலையை முதலாளி இவருக்குக் கொடுக்க முடியாது. இது நல்ல விதி. பிள்ளைகளின் உயிரைக் காப்பது. அதைத் தளர்த்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சான்றிதழ் வாங்கச் சொல்லும் பெரியவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்கிறேன்.

மீதியிருப்பவை ஊர்ச் சிறு கடைகள், அக்கம்பக்கத்து வீடுகள், தேவாலய அலுவலகம், பள்ளியின் சொந்தத் தொழில்நுட்பப் பிரிவு. இங்கெல்லாம் பிள்ளையின் திறமையை நேரே பார்த்துவிடலாம். கடைக்காரர் உயிரில்லாத ஒரு கம்ப்யூட்டரை மேசைமேல் வைப்பார். பையனோ பெண்ணோ நேராக மதர்போர்டைக் குறை சொல்கிறதா, அல்லது முதலில் பவர் கார்டையும் பிளக் பாயிண்டையும் பார்த்து, பிறகு ராமைக் கழற்றித் துடைத்துப் பொருத்தி, அடுத்து நல்ல நிலையில் உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்க்கிறதா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுகொள்வார். அதைவிட அவர் கூர்ந்து கவனிப்பது இன்னொன்றை: ஹார்டு டிஸ்க்கில் கைவைக்கும் முன் 'இதில் உங்கள் படங்கள், கோப்புகள் இருக்கின்றனவா, நகல் எடுத்தாயிற்றா' என்று வாடிக்கையாளரிடம் கேட்கத் தோன்றுகிறதா? ஒரு குடும்பத்தின் பதினைந்து வருடப் புகைப்படங்கள் போய்விட்டால் கடையின் பெயர் போய்விடும். ஏ பிளஸ் பாடத்திலும் இது இருக்கிறது. ஆனால் அந்தப் பக்குவம் இருக்கிறதா என்பது கடையில்தான் தெரியும்.

இச்சான்றிதழைத் தரும் அமைப்பே, தேர்வெழுத வருபவருக்கு 9 முதல் 12 மாத நேரடி அனுபவம் இருப்பது நல்லது என்று பரிந்துரைத்து வந்திருக்கிறது. அனுபவம் பெற்றவரை உறுதிசெய்யும் தேர்வாகவே அது வகுக்கப்பட்டது. பதின்பருவத்தினரோ அனுபவம் பெறுவதற்கான வழியாக அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இவ்வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. மார்க் கிரானோவெட்டர் 1974இல் வெளியிட்ட நூலில், மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரில் தான் ஆராய்ந்த தொழில்முறைப் பணியாளர்களில் 56 சதவீதத்தினர் தெரிந்தவர் வழியாகவே வேலை பெற்றதாகக் காட்டினார். கடைக்காரரைத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மேசையருகே நிற்க இடம் கிடைத்துவிடும். யாரையும் தெரியாத புதுக் குடியேறியின் பிள்ளைக்கு? பெண் என்பதாலேயே 'உனக்கு இதெல்லாம் தெரியுமா' என்று கேட்கப்படும் மாணவிக்கு? இவர்களுக்குச் சான்றிதழ் அந்தப் பத்து நிமிடச் சோதனையை வாங்கித் தரலாம். இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். தாள் தன் வேலையைச் செய்யும் ஒரே பதின்பருவச் சூழல் இதுதான் என்றும் கருதுகிறேன்.

வேதனை என்னவென்றால், செலவு அதிகம் உறுத்துவதும் இவர்களைத்தான். முழு விலையில் இரண்டு தாள்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 500 டாலர் ஆகும். 2009 முதல் மாறாத மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலியில் இது சுமார் 69 மணி நேர உழைப்பு. ஒரு தாளில் தவறினால் மறுபடியும் அதற்குப் பணம் கட்டவேண்டும்.

பள்ளியே கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உண்டு. புளோரிடா 2007இல் இயற்றிய தொழிற்கல்விச் சட்டத்தின் வழியில், மாணவர்கள் தொழில்துறைச் சான்றிதழ் பெற்றால் பள்ளிக்குக் கூடுதல் நிதி கிடைக்கிறது. 2018ஆம் ஆண்டின் மத்திய பெர்கின்ஸ் சட்டமும் மாணவர் பெறும் சான்றுகளைத் தொழிற்கல்வித் தரத்தின் அளவுகோல்களில் ஒன்றாக ஏற்கிறது. ஏழை மாணவருக்கு இது பெரிய உதவி. ஆனால் சான்றிதழின் எண்ணிக்கைக்கு நிதி வரும்போது, பள்ளி எண்ணிக்கையைத்தான் பெருக்கும். அந்த மாணவர் பிறகு அத்தொழிலில் ஒரு நாளாவது வேலை பார்த்தாரா என்பதோடு அந்த நிதி கட்டுண்டிருக்க வேண்டும்.

காலக்கெடுவையும் பார்க்கவேண்டும். 2011க்கு முன் ஏ பிளஸ் பெற்றவர்களுக்கு அது வாழ்நாள் சான்று. அதன்பின் பெறுவது மூன்றாண்டுகளுக்கே செல்லும். தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தோ, நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் போன்ற மேல்நிலைத் தேர்வில் தேறியோ புதுப்பிக்கவேண்டும். பதினைந்தில் தேறிய கெட்டிக்காரப் பிள்ளையின் சான்று பதினெட்டில் காலாவதியாகிறது. முழுநேர வேலையும் வண்டி ஓட்டும் வேலையும் அரசு ஒப்பந்த வேலையும் திறக்கும் அதே வயது. சீக்கிரம் எழுதுவதால் பெருமை கிடைக்கலாம், சந்தையில் நட்டமே.

தாளுக்கும் கைத்திறனுக்கும் உள்ள இந்த இடைவெளியின் சாயலைச் சென்னையிலும் காணலாம். ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் கற்றுத்தரும் சென்டர்கள் பல 'ஏ பிளஸ், என் பிளஸ்' என்று போர்டு வைத்திருக்கின்றன. அந்தப் பாடத்தை முடித்துச் சென்டரின் சொந்தச் சான்றிதழோடு வெளியேறுபவர்கள் உண்டு. அந்நகரின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவின் சர்வீஸ் கடையில் அந்தத் தாளை விட, சால்டரிங் அயர்னைப் பிடிக்கும் கைக்கே மதிப்பு.

வேலை கிடைப்பதற்குச் சான்றிதழைவிட நேரான பாதை பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. மாணவருக்கு ஆளுக்கொரு குரோம்புக் தரும் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் சில, பழுதுபார்க்கும் பணியை மாணவர் குழுக்களிடமே மதிப்பெண்ணோடு ஒப்படைக்கின்றன. உடைந்த திரை, பெயர்ந்த கீ, ஆடிப்போன சார்ஜிங் போர்ட் என்று ஒரே மாதிரியான பழுதுகள்தான். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் பதிவாகிறது: எந்த நாள் வந்தது, என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, திரும்பி வந்ததா. பதினொன்றாம் வகுப்பில் இப்படி ஒரு வருடம் உழைத்த மாணவிக்கு, பெயர் தாங்கிய அப்பதிவேட்டின் நகலையும் பொறுப்பாசிரியரின் கையெழுத்தையும் பள்ளி கொடுக்கவேண்டும். யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைக்குக் கடைக்காரரிடம் நீட்ட அதுவே போதும். பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பாதியில், பதினெட்டை நெருங்கும்போது, பள்ளி செலவில் ஏ பிளஸ் எழுதட்டும். அப்போது சான்றின் மூன்றாண்டுகளும் அவர் முழுநேர வேலை தேடும் ஆண்டுகளாகவே இருக்கும். அந்த மூன்றாண்டுக்குள் நெட்வொர்க் பிளஸ் எழுதினால் பழையதும் தானே புதுப்பிக்கப்பட்டுவிடும்.