வெந்நீர் வந்த வழி: வீடு வாங்குமுன் பார்க்க வேண்டிய ஒன்று

மெட்ரோ ரயில் பூந்தமல்லி பைபாஸ் வரை என்று முடிவானதிலிருந்து குமணன்சாவடி, கரையான்சாவடி, காட்டுப்பாக்கம் பக்கமெல்லாம் பழைய வீடுகளுக்கும் ஃபிளாட்டுகளுக்கும் விசாரிப்பு கூடிவிட்டது. வாங்க வருகிறவர்கள் விவரமானவர்கள். 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். தாய்ப் பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுகிறார்கள். வீட்டுக்குள் வந்தால் போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா, வாசல் எந்தத் திசை என்று கேட்கிறார்கள். குளியலறையில் தொங்கும் கீசரை மட்டும் அநேகமாக யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், சரி என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

குளிர் தேசங்களில் வீடு வாங்குகிறவர் வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். நமக்கு அந்த வேலையைச் சித்திரை வெயில் செய்துவிடுகிறது. நம் வீட்டில் சூடு வேண்டியிருக்கும் இடம், சமையலறையை விட்டால், குளியலறை ஒன்றுதான். அந்தச் சூடு நம் வீட்டுக்குள் வந்த சரித்திரத்தைச் சொன்னால், அதை ஏன் பத்திரப் பதிவுக்கு முன்பே பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

நம் வயதுக்காரர்களுக்கு வெந்நீர் அடுப்பு நினைவிருக்கும். கொல்லைப்புறத்தில் மூன்று கல் கூட்டி, அதன்மேல் கரி படிந்த தவலை. தென்னமட்டை, பாளை, உமி என்று கிடைத்ததெல்லாம் அடியில் எரியும். கொஞ்சம் வசதியான வீடுகளில் செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதில் கரியைப் போட்டுத் தணல் மூட்டினால் சுற்றியுள்ள தண்ணீர் கொதிக்கும். தீபாவளிக்கு முதல் நாள் அதைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. நெருப்பு திறந்த வெளியில், தாழ்வாரத்தில் அல்லது முற்றத்தில் இருந்தது. புகை வானத்துக்குப் போனது. வாளியில் மொண்டு உள்ளே எடுத்துப் போனது வெந்நீரை மட்டும்தான்.

ஃபிளாட் வந்ததும் கொல்லை போயிற்று. நெருப்பும் மின்சாரமும் ஐந்துக்கு ஏழு அடி குளியலறைக்குள், ஈரச் சுவரின்மேல் ஏறிக்கொண்டன. கவனிக்க வேண்டிய மாற்றம் இதுதான்.

கீசர் என்ற சொல்லே அந்த மாற்றத்தோடு பிறந்தது. ஐஸ்லாந்தில் தரையிலிருந்து வெந்நீர் பீறிட்டு எழும் ஊற்று ஒன்றுக்கு கெய்சிர் என்று பெயர். 1868-இல் லண்டனில் வண்ணம் பூசும் தொழில் செய்த பெஞ்சமின் வாடி மோகன் என்பவர், காஸ் சுடரின் சூட்டில் தண்ணீர் ஓடி உடனே சூடாகும் கருவியைச் செய்து, அந்த ஊற்றின் பெயரையே வைத்தார். அதில் புகை வெளியேறக் குழாய் இல்லை. எரிந்த காற்று குளிப்பவரின் அறையிலேயே தங்கியது. 1889-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில், நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் என்ற பொறியாளர், தொட்டியில் சேமித்துத் தானாகவே சூடாக்கும் கருவியைக் கொண்டு வந்தார். இன்று நம் சுவரில் தொங்குவது இந்த இரண்டின் வாரிசுகள்.

எரிந்த காற்று அறையில் தங்கினால் என்ன ஆகும்? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடங்களில் எமிலி ஜோலா என்ற எழுத்தாளர் உண்டு. அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட ராணுவ அதிகாரி டிரைஃபஸுக்காக 1898 ஜனவரியில் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதி, அரசையே எதிர்த்து நின்றவர். அவரைக் கொன்றது ஒரு கணப்பு அடுப்பு. 1902 செப்டம்பர் 28-ஆம் தேதி கிராமத்து வீட்டிலிருந்து பாரீஸ் வீட்டுக்குத் திரும்பினார்கள். குளிராக இருந்ததால் படுக்கையறைக் கணப்பில் கரி மூட்டினார்கள். ஜன்னல்கள் மூடியிருந்தன. புகைபோக்கி அடைபட்டிருந்தது. இரவில் கணவன் மனைவி இருவருக்கும் தலை சுற்றியது, வயிறு புரட்டியது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, வேலைக்காரர்களை எழுப்பவில்லை. காலையில் அவர் தரையில் இறந்து கிடந்தார். மனைவி பிழைத்தார். பிறகு அதே அறையில் நெருப்பு மூட்டி, கினிப் பன்றிகளை விட்டுச் சோதித்தார்கள். அவை சாகவில்லை! விபத்து என்று முடித்தார்கள். யாரோ வேண்டுமென்றே அடைத்தார்கள் என்ற பேச்சு 1953-இல் பத்திரிகையில் வந்தது. எப்படி அடைபட்டிருந்தாலும், ஒருவரும் அந்தப் புகைபோக்கியை முன்னதாகப் பார்க்கவில்லை.

கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை 1850-களிலேயே கிளோத் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி காட்டியிருந்தார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் இறப்பதும் இதனால்தான். காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கீசர் வைத்துவிட்டு, தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பவர்கள் மயங்கி விழுவதும் இதனால்தான். அஜீரணம் என்று தோன்றும் அதே தலைச்சுற்றல்தான் அங்கும் முதல் அறிகுறி.

இனி சட்டத்துக்கு வருவோம். ஆயுசு முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

பிரெஞ்சு சிவில் சட்டம் 1804-இல் வந்தது. 1819-இல் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. அதன் 1641-ஆம் விதிப்படி, விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரே பொறுப்பு. ‘வீஸ் காஷே’ என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் குறைக்கு அவர் பொறுப்பில்லை. மறைந்த குறைக்கும் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அதனாலோ என்னவோ, இன்று பிரான்சில் 15 வருடத்துக்கு மேற்பட்ட காஸ், மின்சார ஏற்பாடுகள் உள்ள வீட்டை விற்க, அவற்றைப் பரிசோதித்த அறிக்கையைக் கட்டாயம் இணைக்க வேண்டும். காஸுக்கு 2007 முதல், மின்சாரத்துக்கு 2009 முதல் இந்த விதி. பாரீஸ் பக்கம் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்கள் வீடு வாங்கும்போது, நொத்தேர் முன்னால் கையெழுத்துக்கு உட்காருமுன் இந்தக் காகிதங்கள் கைக்கு வந்துவிடும்.

பூந்தமல்லியில் நமக்கு 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-ஆம் பிரிவு, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. அதோடு ஒரு நிபந்தனை: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் தெரிந்திருக்கும் குறைக்கு யாரிடம் போய் நிற்பது? உரிமை கைமாறிய பிறகு சொத்துக்கு வரும் சேதமும் வாங்கியவர் தலையில் என்று அதே பிரிவு சொல்கிறது. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும். எர்த் இல்லாத கீசர் தெரியாது.

எனவே, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாள் குறிக்குமுன் ஓர் எலெக்ட்ரீஷியனோடு அரை மணி நேரம் செலவிடுங்கள். அவர் பார்க்க வேண்டியவை இவை.

மின்சார கீசர் என்றால், முதலில் அந்த பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதுவரை யாரும் ஈரக் கையோடு குழாயைத் தொட வேண்டாம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். பிறகு கீசரைப் போட்டு மணி பாருங்கள். 2 கிலோவாட் கீசர் நம் ஊர்த் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். 15 லிட்டருக்குக் கால் மணி, 25 லிட்டருக்கு 25 நிமிடம். அதைவிட ரொம்ப நேரம் ஆனால் ஹீட்டர் காயிலில் உப்புப் படிந்திருக்கலாம். போர் தண்ணீர் வீடுகளில் இது சகஜம். சூடானதும் தெர்மோஸ்டாட் தானாக அணைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணையாத தெர்மோஸ்டாட்டும், உப்பு அடைத்த சேஃப்டி வால்வும் சேர்ந்தால் தொட்டி வெடிக்கும். 25 லிட்டர் தண்ணீரின் எடையே 25 கிலோ. மாட்டியிருக்கும் போல்ட் துரு ஏறியிருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

காஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால், சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம். எடுத்துவிடுவதாக முடிவு செய்து, அந்தச் செலவை விலையில் பேசிக்கொள்ளுங்கள். வெளியே பால்கனியில் இருந்தால், சுடர் நீலமாக எரிகிறதா, புகைக் குழாய் திறந்த வெளிக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் சுடர் நல்லதல்ல. மாடியில் சோலார் இருந்தால், ஃபிளாட்டுகளில் அந்த மாடி இடம் யாருக்குப் பாத்தியம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கீசர் வீட்டோடு வருகிறதா, கழற்றிக்கொண்டு போவார்களா என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் சுவரில் இரண்டு ஓட்டை மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு.

நம்மில் பலருக்கு இனி வீடு வாங்கும் வயதில்லை. பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வாங்குகிறார்கள். பத்திரத்தைப் படித்துப் பார்க்க நம்மைக் கூப்பிடுவார்கள். அப்போது குளியலறைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.