கார்டெக்ட்: கம்பியில்லாத் தொலைபேசியில் நேரப் பங்கீடு

1990களின் நடுவில் இந்தியாவில் நூறு பேருக்கு இரண்டு தொலைபேசிகூட இல்லை. செம்புக் கம்பி இழுத்து ஓர் இணைப்புத் தர 30,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இதை 10,000 ரூபாய்க்குள் அடக்கிவிட வேண்டும் என்று முனைந்தது ஐ.ஐ.டி. மெட்ராஸின் டெனெட் குழு. பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலியோர் அதில் இருந்தனர். முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைதாஸ் நிறுவனம், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து அக்குழு உருவாக்கிய கம்பியில்லா இணைப்பே கார்டெக்ட்.

ஐரோப்பாவின் டெக்ட் தரமே இதற்கு அடிப்படை. வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் தொலைபேசிக்காக அது வகுக்கப்பட்டது. அதில் 10 அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிநொடி நேரம் 24 கூறுகளாகப் பிரிக்கப்படும். பேச ஒன்று, கேட்க ஒன்று என்று போக, ஒரே சமயத்தில் 120 உரையாடல்களுக்கு வழி உண்டு. அருகருகே இருவர் ஒரே அலைவரிசையில் ஒரே கூற்றில் பேசினால் இரண்டு பேச்சும் கெடும். செல்பேசி நிறுவனங்கள் எந்தக் கோபுரத்துக்கு எந்த அலைவரிசை என்று முன்கூட்டியே திட்டமிட்டுப் பிரித்துக்கொண்டன. டெக்டில் அப்படிப் பிரித்துக் கொடுப்பவர் எவரும் இல்லை. கருவியே எல்லா வழிகளையும் கேட்டுப் பார்த்து, குறுக்கீடு குறைந்ததைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இரைச்சல் வந்தால் பேச்சைத் துண்டிக்காமல் வேறு வழிக்கு மாறும். கோபுரமே இல்லாமல் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் அட்ஹாக் வலையமைப்புகளிலும் யார் எப்போது அனுப்புவது என்பதே முதல் கேள்வி.

கிராமத்துக்குக் கொண்டுபோனபோது தூரம் சிக்கலானது. வானொலி அலை 10 கி.மீ. கடக்க 33 மைக்ரோநொடி ஆகும். நிலையத்தின் குறிப்பு அவ்வளவு தாமதமாக வந்து சேரும். பதில் திரும்ப இன்னொரு 33. கூறுகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளியோ ஏறத்தாழ 50தான். ஆகவே தொலைவிலுள்ளவரின் பதில் அடுத்தவர் நேரத்தில் போய் விழும். வீட்டுச் சுவரில் பொருத்தும் கருவி தன் தூரத்துக்கேற்பச் சற்று முன்னதாகவே அனுப்பும்படி சென்னைக் குழு மாற்றியமைத்தது. அதனால் 10 கி.மீ. வரை எட்டியது. ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் பல்லாவரம் அதற்குள் அடங்கும், தாம்பரம் அடங்காது. இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கி.மீ. வரை போகலாம்.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் சாரி திட்டத்தின்கீழ் கார்டெக்ட் வழியே இணையக் கடைகள் திறக்கப்பட்டன. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று சிரிப்பு வரும்; ஆனால் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்க அது போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளில் அக்கடைகளில் பல மூடப்பட்டன. செல்பேசிக் கட்டணம் இறங்க இறங்க, சுவரோடு கட்டிப்போட்ட தொலைபேசியை வாங்க ஆள் குறைந்தது.