பெயர் தெரியாமலே வந்த வாசகர்கள்: மாற்று வரலாற்றுப் புனைவு, 1836–2015

நடந்து முடிந்த போரின் முடிவை மாற்றிப் பார்ப்பது பழைய ஆசை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ரோம வரலாறு எழுதிய லிவி, தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் சொல்லிவந்ததை நிறுத்திவிட்டு, அலெக்சாண்டர் இத்தாலிமீது படையெடுத்து வந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று கணக்குப் போடுகிறார். ரோம்தான் வென்றிருக்கும் என்பது அவர் தீர்ப்பு. ரோமானியர் வேறென்ன சொல்வார்! ஆனால் லிவியிடம் அது ஒரு கிளைப்பேச்சு மட்டுமே. நடக்காத வரலாற்றையே முழுக்கதையாக்கும் நூல்கள் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்தன.

இவ்வகைமையை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் எழுதியவரின் பக்கமிருந்தே பார்த்திருக்கிறார்கள். ஹிட்லர் வென்ற உலகத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் எந்தச் சமூகத்தின் எந்த நினைவு வேலை செய்கிறது என்று கேவ்ரியல் ரோஸன்ஃபெல்ட் 2005இல் கேட்டார். இராணுவ வரலாற்று எழுத்துக்கும் இதற்கும் உள்ள உறவைக் காதரின் கேலகர் 2018இல் விரித்துரைத்தார். இக்கட்டுரையின் கேள்வி வாசகரைப் பற்றியது. 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இக்கதைகளுக்குப் புத்தகக் கடையில் தனி அலமாரி கிடையாது. அப்படியானால் வாசகர் எந்த வழியாக வந்து சேர்ந்தார்? வேறொன்றைத் தேடி வந்தவர் இதில் இடறி விழுந்தார் என்பதே என் விடை. அப்படி இடறி விழுவதை இந்நூல்களே தமக்குள் ஒரு காட்சியாக எழுதி வைத்திருக்கின்றன. அவற்றுள் வரும் ‘புத்தகத்துக்குள் புத்தகம்’ வெறும் அலங்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் சான்று லூயி ஜெஃப்ருவாவின் நெப்போலியன் நூல் (1836). அதில் நெப்போலியன் மாஸ்கோவில் பனிக்காலம் வரை காத்துக்கிடக்காமல் படையை நகர்த்துகிறார். ரஷ்யா வீழ்கிறது, இங்கிலாந்து வீழ்கிறது, ஆசியாவும் வீழ்கிறது. உலகப் பேரரசராகவே 1832இல் இறக்கிறார். வேடிக்கை ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது. வாட்டர்லூ தோல்வி என்றும் செயின்ட் ஹெலினா சிறைவாசம் என்றும் யாரோ ஒரு பொய் வரலாற்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று கதைசொல்லி அங்கே சீறுகிறார். வாசகர் அறிந்த உண்மை அந்த உலகத்தில் ஒரு கெட்ட புத்தகமாகிவிடுகிறது. சார்ல் ரெனூவியே 1876இல் நூலாக வெளியிட்ட ‘உக்ரோனி’, கிறித்தவம் மேற்கில் வேரூன்றாத ஐரோப்பாவைச் சொல்கிறது. அதுவும் மத விசாரணையில் உயிரிழந்த துறவி ஒருவர் விட்டுச்சென்று, ஒரு குடும்பத்தில் தலைமுறைகளாகக் கைமாறி வந்த சுவடி என்ற பாவனையில்தான் தொடங்குகிறது. வாசகருக்கு முன்னால் நூலுக்குள்ளேயே சில வாசகர்கள் அதைப் படித்து முடித்திருக்கிறார்கள்.

அமெரிக்கரான நதானியல் ஹாதார்னின் ‘பி.’ஸ் கரஸ்பாண்டன்ஸ்’ (1845) ஒரு கடிதக் கதை. பி. என்பவர் புத்தி பேதலித்தவர். கம்பி போட்ட சன்னலுள்ள சிறிய அறையில் இருந்துகொண்டு, லண்டனில் உலாவுவதாக நண்பருக்கு எழுதுகிறார். அங்கே இளமையில் இறந்த பைரன் தொந்தி சரிந்த கிழவராக உட்கார்ந்து, தம் பழைய கவிதைகளிலுள்ள விரசத்தைத் தாமே வெட்டித் திருத்திக்கொண்டிருக்கிறார். இங்கே மாற்று வரலாறு பித்தின் அறிகுறியாக எழுதப்படுகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசகர் நுழையும் வாசல் இடம் மாறியது. 1907இல் வெஸ்ட்மின்ஸ்டர் கெஜட் இதழ் நடத்திய போட்டியில், வாட்டர்லூவில் நெப்போலியன் வென்றிருந்தால் என்ற கட்டுரைக்காக ஜி. எம். ட்ரெவெல்யன் பரிசு பெற்றார். 1931இல் ஜே. சி. ஸ்கொயர் தொகுத்த ‘இஃப் இட் ஹாட் ஹாப்பண்ட் அதர்வைஸ்’ நூலில் செஸ்டர்டன், மோர்வா, சர்ச்சில் எனப் பெரிய பெயர்கள் அணிவகுத்தன. அந்தப் பெயர்களுக்காக வாங்கியவர்களுக்கு உள்ளே இருந்தது நடக்காத வரலாறு. சர்ச்சிலின் கட்டுரை இருமடிப்பு. அதை எழுதுவதாகக் காட்டப்படுபவர் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் தென்னாட்டுத் தளபதி லீ வென்ற உலகின் வரலாற்றாசிரியர். ஒருவேளை லீ தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசிக்கிறார். இதையெல்லாம் கூடத்துப் பொழுதுபோக்கு என்று வரலாற்றாசிரியர் ஈ. எச். கார் 1961இல் ஒதுக்கித் தள்ளினார். பொழுதுபோக்கு என்பது சரிதான். ஒதுக்கித் தள்ளியதுதான் அவசரம்.

மலிவுத்தாள் இதழ்கள் திறந்த வாசல் இதைவிட அகலமானது. மர்ரே லைன்ஸ்டரின் ‘சைட்வைஸ் இன் டைம்’ 1934 ஜூன் மாத அஸ்டவுண்டிங் இதழில் வந்தது. விண்கலமும் கதிர்த் துப்பாக்கியும் எதிர்பார்த்து இதழைப் பிரித்தவர்முன், அமெரிக்க ஊர்களுக்குள் ரோமானியப் படைவீரர்களும் வைக்கிங் கப்பலும் வந்து நின்றன. ஐந்தாண்டு கழித்து அன்னோன் இதழில் எல். ஸ்ப்ரேக் டி காம்ப் எழுதிய ‘லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்’ வெளியாகி, 1941இல் நூலானது. மார்ட்டின் பேட்வே என்னும் தொல்லியலாளர் கி.பி. 535ஆம் ஆண்டு ரோமில் போய் விழுகிறார். கையில் காசில்லை. சிரிய வட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் கடன் கேட்கிறார்; ரோமானிய எண்களோடு மல்லாடும் அவருக்கு அரபு எண்களைக் கற்றுக்கொடுத்துக் கடனை வாங்குகிறார். அந்தப் பணத்தில் அவர் செய்யும் முதல் வேலை சாராயம் காய்ச்சுவது! அச்சு இயந்திரம் அதற்குப் பிறகுதான். இருண்ட காலத்தைத் தடுத்து நிறுத்தும் திட்டம் வட்டி விகிதப் பேரத்தில் தொடங்குவது இந்நாவலின் தனி அழகு.

இந்த நூலுக்கு வாய்த்த ஒரு வாசகர் வகைமையின் போக்கையே மாற்றினார். பள்ளிப் பருவத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் இதை எடுத்த ஹாரி டர்டில்டவ், டி காம்ப் எவ்வளவைக் கற்பனை செய்தார், எவ்வளவு உண்மை என்று அறிய வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கினார். 1977இல் கலிஃபோர்னியாவில் பைசாந்திய வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். பொய் வரலாறு ஒருவரை மெய் வரலாற்றுக்குள் தள்ளிவிட்டது. காரின் ஏளனத்துக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

ஃபிலிப் கே. டிக்கின் ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ (1962) என் வாதத்துக்கு முதன்மைச் சான்று. ஜெர்மனியும் ஜப்பானும் பங்கு போட்டுக்கொண்ட அமெரிக்காவில், நேசநாடுகள் வென்றதாகச் சொல்லும் ஒரு நாவல் கைக்குக் கை மாறுகிறது. ஜெர்மானியர் பகுதியில் அதற்குத் தடை. ஜப்பானியர் பகுதியில் கடையிலேயே கிடைக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஓர் இளம் ஜப்பானியத் தம்பதி விருந்தாளியிடம் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இது அறிவியல் புனைவுதான் என்கிறார் கணவர். அறிவியலும் இல்லை, எதிர்காலமும் இல்லையே என்று மனைவி மறுக்கிறார். வேறொரு நிகழ்காலத்தைச் சொல்லும் கதைகளும் அதில் அடக்கம் என்று கணவர் விளக்குகிறார். இந்நூலை எந்த அலமாரியில் வைப்பது என்ற கடைக்காரரின் குழப்பத்தை டிக் பாத்திரங்களின் வாயிலேயே போட்டுவிட்டார். நாவல் 1963இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றதும் அறிவியல் புனைவு வாசகர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

கிங்ஸ்லி ஏமிஸ் இதையே இன்னும் ஒரு சுற்று சுற்றினார். அவருடைய ‘தி ஆல்டரேஷன்’ (1976) மதச் சீர்திருத்தம் நடக்காத, போப்பாண்டவரின் ஆட்சிக்குட்பட்ட இங்கிலாந்தில் நிகழ்கிறது. பாடகர் பள்ளிச் சிறுவர்கள் இரவில் விடுதியில் திருட்டுத்தனமாகப் படிக்கும் நூல்களில் ஒன்றின் பெயர் ‘தி மேன் இன் தி ஹை காஸில்’. ஆசிரியர் பெயரும் ஃபிலிப் கே. டிக்தான். அந்த உலகத்து டிக் எழுதியிருப்பதோ சீர்திருத்தம் நடந்துவிட்ட உலகத்தை. பெரியவர்களுக்குத் தெரியாமல், போர்வைக்குள், நண்பன் கொடுத்து: பல வாசகர்கள் இவ்வகைமையைச் சந்தித்த விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ராபர்ட் சோபலின் ‘ஃபார் வான்ட் ஆஃப் எ நெயில்’ (1973) தனி ரகம். அமெரிக்கப் புரட்சி தோற்ற உலகின் வரலாற்றுப் பாடநூல் அது. அடிக்குறிப்புகள் உண்டு, மேற்கோள் நூல்கள் உண்டு. ஒன்றும் உலகத்தில் கிடையாது. கடைசியில் இல்லாத பேராசிரியர் ஒருவர் அந்நூலையே கிழித்துப்போடும் மதிப்புரையும் உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டிய நூல்.

பெரிய மாற்றம் 1992இல். தென்னாட்டுப் படைக்கு ஏகே-47 கிடைப்பதைச் சொல்லும் டர்டில்டவின் ‘தி கன்ஸ் ஆஃப் தி சவுத்’ அந்த ஆண்டு வந்தது. உள்நாட்டுப் போர் வரலாறு படிப்பவர்களை அது இழுத்தது. ராபர்ட் ஹாரிஸின் ‘ஃபாதர்லாண்ட்’ அதே ஆண்டு துப்பறியும் நாவல் வாசகர்களை இழுத்தது: நாஜிகள் வென்ற 1964ஆம் ஆண்டு பெர்லினில் ஒரு பிணம், ஒரு காவல் அதிகாரி. மூன்றாண்டு கழித்து இவ்வகைமைக்கென்று ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. லைன்ஸ்டரின் கதையை நினைவுகூர்ந்து சைட்வைஸ் விருது என்று பெயரிட்டார்கள்.

டர்டில்டவின் ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ (1988) என்ற சிறுகதையையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் ஆங்கிலேயரை விரட்டிவிட்டு இந்தியாவை ஆள்பவர்கள் நாஜிகள். காந்தி சத்தியாக்கிரகம் தொடங்குகிறார். எதிரிக்குக் கூசும் மனசாட்சியே இல்லை. இந்திய வாசகர் ஒருவருக்கு இவ்வகைமையை அறிமுகப்படுத்த என்னைக் கேட்டால், டிக்கை விட்டுவிட்டு இதைத்தான் கையில் கொடுப்பேன். கதையின் முடிவோடு சண்டைபோடத் தோன்றும். அந்தச் சண்டைக்கு உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930, வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்த 1942 ஆகிய ஆண்டுகளின் வரலாற்றைத் திரும்பப் படித்தாக வேண்டும்.

2015இல் டிக்கின் நாவல் அமேசானில் தொடராக வந்து நான்கு பருவங்கள் ஓடியது. விளம்பரத்துக்காக நியூயார்க் சுரங்க ரயில் ஒன்றின் இருக்கைகளில் நாஜிக் கழுகையும் ஜப்பானியச் சூரியனையும் அச்சிட்ட துணியைப் போர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் ஏறிய பயணிகள் கேட்காமலே மாற்று வரலாற்றுக்குள் உட்கார வைக்கப்பட்டவர்கள். தொடரை எடுத்தவர்கள் நாவலுக்குள்ளிருந்த நாவலை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் திரைப்படச் சுருள்களை வைத்தார்கள். கைக்குக் கை கடத்தப்படுவது இப்போது ஒரு செய்திப்படம். தொடர் வழியாக நாவலுக்கு வரும் வாசகர் அங்கே படச்சுருள் எதையும் காணமாட்டார்.