இது எந்த மாவட்டம்?

முதியவர்களிடம் அறிவுத் தளர்ச்சி தொடங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, 'நாம் இப்போது இருப்பது எந்த மாவட்டம்?' என்பது. கள்ளக்குறிச்சியில் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். இங்கே எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் பிறந்தது தென்னாற்காடு மாவட்டத்தில். 1993ல் அது பிரிந்தபோது இந்தப் பகுதி விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆயிற்று. 1997ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு வெறும் விழுப்புரம். 2019 நவம்பர் 26லிருந்து கள்ளக்குறிச்சி. இதற்கிடையில் 1969ல் மாநிலத்தின் பெயரும் மாறியிருக்கிறது. வாசல் திண்ணையை விட்டு நகராத மனிதர் மேல் இத்தனை பெயர்கள் வந்து போயிருக்கின்றன. அவர் 'தென்னாற்காடு' என்று சொன்னால் சோதனைத்தாளில் ஒரு மதிப்பெண் குறையும். அந்த ஒரு மதிப்பெண் எதை அளக்கிறது என்பதுதான் என் பிரச்னை.

இந்தக் கேள்விகளுக்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது. 1901ல் ஃபிராங்ஃபர்ட் மனநோய் மருத்துவமனையில் ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தியிடம் அலோய்ஸ் அல்ஸ்ஹைமர் பெயரையும் கணவன் பெயரையும் கேட்டு, பதில்களை எழுதி வைத்தார். அவள் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து 1906ல் டூபிங்கன் நகரில் அறிக்கை வாசித்தார். 1910ல் கிரேப்பலின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்ஸ்ஹைமர் பெயரை வைத்தார். இது நடுத்தர வயதில் வரும் அபூர்வ நோய் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. கிழவர்களின் மறதியை முதுமையின் சுபாவமாக விட்டுவைத்திருந்தார்கள். 1968ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் பிளெஸ்ஸெட், டாம்லின்ஸன், ராத் ஆகிய மூவரும், உயிரோடிருந்தபோது முதியவர்கள் வாங்கிய மதிப்பெண்களையும், இறந்தபின் அவர்கள் மூளையில் எண்ணப்பட்ட படிவுகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஓரளவு பொருந்தின. கேள்வித்தாளுக்கு அதிகாரம் வந்தது அப்போதுதான்.

அந்தத் தாளில் முதல் உலகப்போரின் வருஷம் உண்டு. அரசர் யார் என்ற கேள்வி உண்டு. 1972ல் ஹாட்கின்ஸன் அதைப் பத்துக் கேள்விகளாகச் சுருக்கினார். அப்போதும் அரசர் பெயர் போகவில்லை. பிரிட்டிஷ் மருத்துவமனையில் படுத்திருக்கும் கிழவருக்கு அரசியின் பெயர் தெரியாமலிருப்பது ஒரு அறிகுறி என்பதில் நியாயம் இருக்கிறது. நாணயத்திலும் தபால்தலையிலும் அவர் தினமும் பார்க்கும் முகம் அது. அதே 1972ல் இந்தக் கேள்வியைக் கல்வராயன் மலையில் கேட்டிருந்தால்? மலை அப்போது நடைமுறையில் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1976ல்தான். சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் கழித்தும் வெள்ளிமலைப் பக்கத்துக் கிழவர் ஒருவர் தன் ஜாகிர்தாரர் பெயரை அரசர் பெயராகச் சொல்லியிருக்கலாம். அது சரியான பதில் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதை ஏற்கும் தாள் எங்கும் அச்சாகவில்லை.

இன்று உலகில் அதிகம் பரவியுள்ள தாள் 1975ல் அமெரிக்காவில் பிறந்தது, அதாவது மலை கைமாறியதற்கு ஒரு வருஷம் முன்பு. மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹ்யூ ஆகியோர் தயாரித்தது. மொத்தம் முப்பது மதிப்பெண். வருஷம், பருவம், தேதி, கிழமை, மாதம் என்று ஐந்து. மாநிலம், மாவட்டம், ஊர், மருத்துவமனை, எத்தனையாவது மாடி என்று ஐந்து. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், அல்லது ஒரு ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். இருபத்துமூன்றும் அதற்குக் கீழும் சந்தேகத்துக்குரியவை.

இந்தத் தாளுக்குள் ஒரு பள்ளிக்கூடம் உட்கார்ந்திருக்கிறது. 1993ல் அமெரிக்காவிலேயே பதினெட்டாயிரம் பேரிடம் பெற்ற மதிப்பெண்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஒன்பது வருஷமும் அதற்கு மேலும் படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்திலிருந்து எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26. நான்கு வருஷத்துக்கு மேல் படிக்காதவர்களுக்கு 22. கோடு இருபத்துமூன்றில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், படிக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறந்ததிலிருந்தே நோயாளிகள் என்றாகிறது. அமெரிக்காவில் இது ஒரு சிறுபான்மையின் சங்கடம். மலையின் கிழ தலைமுறைக்கோ பென்சிலைப் பிடித்ததே அபூர்வம். மாடியில்லாத வீட்டில் எத்தனையாவது மாடி என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. அணாக்கணக்கில் வளர்ந்து, 1957க்குப் பிறகு நயா பைசாவுக்கு மாறி, படியும் மரக்காலும் போய்க் கிலோ வந்ததைப் பார்த்தவர்கள் இவர்கள். சாமை எத்தனை வல்லம் என்று கேட்டால் விரல் மடக்காமல் சொல்லக்கூடிய பாட்டிக்கு, எதையும் வாங்காமல் விற்காமல் நூறிலிருந்து ஏழைக் கழிப்பது விசித்திரமான காரியம்.

இதைப் புரிந்துகொண்டு நேர்மையாக நடந்த முயற்சி ஒன்று உண்டு. மேரி கங்குலியும் சகாக்களும் ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களுக்காகத் தாளை மாற்றியமைத்து 1995ல் வெளியிட்டார்கள். நூறிலிருந்து ஏழு என்பது இருபதிலிருந்து மூன்று ஆயிற்று. எழுத்தைத் திருப்பிச் சொல்வதற்குப் பதில் கிழமைகளைப் பின்னோக்கிச் சொன்னால் போதும். வாக்கியம் எழுத வேண்டாம், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். பின்னால் நைஜீரியாவின் இபாடனில் படம் வரையச் சொல்வதைக் கைவிட்டுத் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டச் சொன்னார்கள். இவையெல்லாம் வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. எது அறிவு, எது பழக்கம் என்று ஒவ்வொரு கேள்வியிலும் பிரித்துப் பார்க்கும் விமர்சனக் காரியம். நம் இலக்கிய மொழிபெயர்ப்பாளர்களில் எத்தனை பேர் இந்த அளவு சிரமப்பட்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் பிரச்னைக்கு இன்னொரு பக்கம் உண்டு. கேள்வித்தாள் அந்நியமானது, மலைக் கிழவர்கள் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள், நம் கூட்டுக்குடும்பத்தில் இந்த வியாதியே கிடையாது என்று சொல்லிவிடுவது நமக்குச் சுகமாக இருக்கும். உண்மை அப்படியில்லை. செங்கல்பட்டுப் பக்கம் திருப்போரூரில் நடத்திய ஆய்வை ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் 1997ல் வெளியிட்டார்கள். அறுபது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு நோய் இருந்தது. 1998ல் கொச்சியில் ஒரு ஆய்வுக்குழு உருவாயிற்று. பெயர் 10/66. நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வாழும் ஏழை நாடுகளைப் பற்றி 10 சதவீத ஆராய்ச்சியே நடக்கிறது என்பதைக் குறிக்கும் பெயர். பல நாடுகளில் அவர்கள் எடுத்த கணக்கு 2008ல் வந்தது. நம் பக்கத்தில் சென்னையும் வேலூர்க் கிராமங்களும் அதில் சேர்ந்திருந்தன. அமெரிக்க மனநோய் மருத்துவ சங்கத்தின் அளவுகோலை வைத்தபோது இந்தியக் கிராமத்தில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நோய் 0.3 சதவீதம்தான். குழுவினர் தாங்களே வகுத்த அளவுகோலை வைத்தபோது எந்த நாட்டிலும் எந்த ஊரிலும் அது 5.6க்குக் கீழே இறங்கவில்லை.

ஒரே கிராமம், ஒரே மனிதர்கள். இடைவெளி எங்கிருந்து வந்தது? முதல் அளவுகோலின்படி, மறதியால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதை வீட்டார் சொல்லவும் வேண்டும். நம் வீடுகளில் கிழவரிடம் யாரும் எந்தக் காரியத்தையும் எதிர்பார்ப்பதில்லை. பணம் மகன் கையில், சமையல் மருமகள் கையில். சோறு தட்டில் வருகிறது. செய்ய ஒன்றுமில்லாத இடத்தில் செய்ய முடியாமல் போனது எப்படித் தெரியும்? 0.3 என்ற எண்ணை நம் கிராமத்து மூளையின் ஆரோக்கியமாக நான் படிக்கவில்லை. முதுமையிடம் நாம் எதிர்பார்ப்பது எவ்வளவு குறைவு என்பதன் அளவாகப் படிக்கிறேன்.

இதற்கு நான் பார்க்கும் வேலையில் பிரத்யட்ச நிரூபணம் உண்டு. வங்கிக் கவுண்டரில் இருப்பவனுக்கு ஓய்வூதியக்காரரின் மாதிரிக் கையெழுத்து எப்போதும் பக்கத்தில் இருக்கிறது. இன்றைய கையெழுத்தை அதனோடு ஒப்பிடுவது அவன் தொழில். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், கடைசி எழுத்து விடுபடுவதும், பாஸ்புத்தகத்தில் பதிந்த தொகையை அதே காலையில் மூன்றாம் தடவை வந்து கேட்பதும் அவனுக்குத்தான் முதலில் தெரிகிறது. அவன் அறிந்த பரிகாரங்கள் இரண்டு: கைநாட்டு, கூட்டுக் கணக்கு. தளர்ச்சியைப் பார்த்துவிட்டு அதை நடைமுறையாக மாற்றிவிடுகிறது ஸ்தாபனம். வீட்டுக்கும் வைத்தியருக்கும் அந்தச் செய்தி போவதில்லை. 2014ல் உயிர்வாழ் சான்றிதழ் மின்வழிக்கு வந்தபின் நவம்பரில் எதிரே உட்கார்ந்து பேசும் அந்த இரண்டு நிமிஷமும் பலருக்கு விரல்ரேகையாகச் சுருங்கிவிட்டது.

மாதிரிக் கையெழுத்தின் தர்மம் ஒன்று இருக்கிறது. ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடுவது. ஆராய்ச்சியாளர்களும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜோர்ம் 1989ல் வெளியிட்ட கேள்வித்தாள் நோயாளியை ஒன்றும் கேட்பதில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு இவர் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று நெருங்கிய ஒருவரைக் கேட்கிறது. பின்னர் கனடாவின் கிரீ பழங்குடியினரை முன்வைத்து உருவான தாள் முதியவரையும் கேட்டது, வீட்டாரையும் கேட்டது. 10/66 குழு எடுத்துக்கொண்டது இதைத்தான்.

வீட்டாரைக் கேட்பதும் சுலபமில்லை. யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று சொல்ல முடிகிறது. கேரளத்தில் 'சின்னன்' என்கிறார்கள், குழந்தைத்தனம் என்ற பொருளில். நம் பக்கத்தில் 'வயசாயிடுச்சு' என்பதற்கு மேல் பொதுவான சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் நோய் குணமாகப் பார்க்கப்படுகிறது: பிடிவாதம், வேண்டுமென்றே செய்வது, பொய். சாப்பிட்டதை மறந்த மாமியார் பக்கத்து வீட்டில் போய், மூன்று நாளாக மருமகள் சோறு போடவில்லை என்று சொல்கிறாள். ஊர் நம்புகிறது. லாரன்ஸ் கோஹன் காசி நகரத்தை ஆராய்ந்து 1998ல் வெளியிட்ட நூலில், முதியவரின் புத்தி தடுமாற்றம் அங்கே கெட்ட குடும்பத்தின் அடையாளமாகப் பார்க்கப்படுவதை விவரித்தார். கள்ளக்குறிச்சி தெருக்களுக்கும் இது பொருந்தும். ஆரம்பத்திலேயே நோயைக் கண்டறிந்தால் அந்த மருமகளும் பிழைப்பாள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்கள் சிலரிடம் அகப்படவும் கூடும்.

இந்தியா முழுவதற்குமாக 2017லிருந்து 2020 வரை நடந்த கணக்கெடுப்பின் முடிவு, அறுபது வயதுக்கு மேல் 7.4 சதவீதம் பேருக்கு நோய் என்பது. 2020ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட அறிவுச் சோதனைத் தொகுதி இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் தயாரானது. தமிழ் அதில் இல்லை. மலைத் தமிழைப் பற்றிப் பேச்சே எழாது. கள்ளக்குறிச்சியில் 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 2021லிருந்து வீட்டு வாசலுக்கே பணியாளர் வருகிறார்.

அப்படி வருபவர் வெள்ளிமலையில் என்ன கேட்கலாம்? கரிராமன் கோயில் திருவிழா எந்த மாதம், உங்கள் வகையறாவுக்கு யார் பங்காளி யார் மாமன் மச்சான், கடுக்காய் பொறுக்கப் போகும் வழி எது, நேற்று வீட்டுக்கு வந்துபோனது யார்? பிறகு முதியவரைத் திண்ணையில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் மருமகளைக் கேட்க வேண்டும்: மலை சர்க்கார் கைக்கு வந்த கதையை இந்தத் தாத்தா முன்பெல்லாம் எப்படிச் சொல்வார், இப்போது எப்படிச் சொல்கிறார்?