ஆசிரியன் செத்த பிறகு

ரோலன் பார்த் 1967இல் அறிவித்த 'ஆசிரியனின் மரண'த்தை வைத்துக்கொண்டு தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பிரதிதான் இருக்கு, யார் எழுதினா என்ன என்று பேசிப் பழகிய நமக்கு சாலமன் லிண்டாவின் கதை ஓர் இடைஞ்சல்.

லிண்டா ஜோஹன்னஸ்பர்கில் காலோ இசைத்தட்டுக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்த ஜூலு இனத்தவர். 1939இல் தன் குழுவோடு 'ம்பூபே' பாட்டை அதே கம்பெனிக்காகப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். மாடு மேய்த்த சிறுவயதில் சிங்கம் விரட்டிய நினைவு. தென்னாப்பிரிக்காவில் அந்தப் பாணிக்கே 'ம்பூபே' என்று பெயர் வைக்குமளவு பாட்டு பரவியது. உரிமைக்கு அவர் பெற்றது சுமார் 10 ஷில்லிங்.

அலன் லோமாக்ஸ் மூலம் தட்டு பீட் சீகரிடம் போனது. 'நீ சிங்கம்' எனப் பொருள்படும் ஜூலுச் சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. 1952இல் வீவர்ஸ் குழுவுக்குப் பெரும் வெற்றி தந்தது இந்தத் தப்பான பெயர்தான். ஆசிரியர் இடத்தில் 'பால் காம்ப்பெல்'. அப்படியொரு ஆளே கிடையாது, குழுவுக்கான புனைபெயர். சீகர் இடதுசாரி, நல்ல மனுஷன்; பிற்பாடு லிண்டாவுக்கு 1000 டாலர் அனுப்பச் சொன்னவர். ஆனாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தால் அது 'நாட்டார் பாட்டு', அதற்குச் சொந்தக்காரன் இருக்கமாட்டான் என்கிற முன்முடிவு இருக்கிறதே, அதைத் திருட்டு என்றுகூடச் சொல்லமுடியாது. அவ்வளவு மரியாதையான சொல் அது. பெயரில்லாமை என்பது தானாக வருவதல்ல, ஆக்கப்படுவது.

1961இல் டோக்கன்ஸ் குழு புது ஆங்கில வரிகளோடு பாடியது. விரட்டப்பட்ட சிங்கம் இப்போது தூங்கிவிட்டது. மேய்ச்சல் நிலம் அடர்காடாகிவிட்டது. அமெரிக்காவில் முதலிடம். அடுத்த வருஷம் லிண்டா ஏழையாகச் செத்தார். கல்லறைக்குக் கல் வைக்கக் குடும்பத்துக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

1994இல் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்திலும் பாட்டு ஒலித்தது. 2000இல் ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் விவகாரத்தைத் தோண்டி எழுதினார். 2004இல் குடும்பம் வழக்குப் போட்டது. பிடிமானம் கிடைத்தது எங்கே தெரியுமா? 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில். உரிமையை விற்றிருந்தாலும் ஆசிரியன் இறந்து 25 வருஷம் கழித்து அது வாரிசுகளுக்கே திரும்பும் என்கிறது அது. பார்த் சொன்ன மரணம் வாசகனைப் பிறப்பித்தது. இந்த மரணம் வாரிசுகளுக்குச் சொத்தைத் திருப்பித் தந்தது.

2006இல் சமரசம் ஆயிற்று. லிண்டா இணை ஆசிரியர் என்று ஒப்புக்கொண்டார்கள், பாக்கிப் பணமும் வந்தது. மகள்களில் ஒருவர் அதைப் பார்க்கவில்லை. 2001இலேயே இறந்துவிட்டார்.